உங்கள் நிறுவனத்தின் விக்கிப்பீடியா பக்கத்தில் பிழை இருந்தால், யார் திருத்துவது?

உங்கள் கம்பெனியின் பெயரைக் கூகுளில் தட்டிப் பாருங்கள். விக்கிப்பீடியாவில் அதற்கு ஒரு பக்கம் இருந்தால், ஓரத்துப் பெட்டியில் வரும் இரண்டு மூன்று வரிகள் பெரும்பாலும் அங்கிருந்து எடுத்தவைதான். சாட்பாட்டிடம் கேட்டாலும் பல நேரம் அதே தகவல்தான் வேறு வார்த்தையில் வரும். அதனால் அந்தப் பக்கத்தில் ஆண்டு தப்பாக இருந்தாலோ, என்றோ முடிந்துபோன வழக்கு பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தாலோ முதலாளிக்கு மனசு கேட்பதில்லை. நம்ம ஆளை விட்டே மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது.

சிங்கப்பூரின் தேக்காவில் மூன்று தலைமுறையாக மசாலாவும் மளிகையும் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தின் மூத்தவர் என்னிடம் இதைத்தான் கேட்டார். ஆங்கில விக்கிப்பீடியாவில் அவர்கள் கடை தொடங்கிய ஆண்டு தப்பு. தாத்தாவின் பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை. "நம்ம கடையைப் பத்தி நம்மளவிட யாருக்குத் தம்பி நல்லா தெரியும்?" என்றார். "உங்களுக்குத்தாண்ணே தெரியும்" என்றேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு அந்தக் கடையைப் பற்றித் தெரிந்திருப்பதோடு, அதைப் பற்றி நல்லதாக எழுதப்படுவதில் ஆதாயமும் இருக்கிறது. ஆதாயம் உள்ளவர் எழுதினால், அது இன்னார் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். இப்படி எழுதுபவருக்கே ஆதாயம் இருக்கும் நிலைதான் நலமுரண்; அதைப் பற்றி விக்கிப்பீடியா வைத்திருக்கும் விதிகள் அத்தனையும் இந்த ஒரு நியாயத்தின் மேல்தான் நிற்கின்றன.

இந்த நிலையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது: யாரிடமும் சொல்லாமல் தானே திருத்துவது, காசு கொடுத்து ஆள் வைப்பது, நான் இன்னார் என்று சொல்லிவிட்டு, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் கேட்பது, பக்கத்தைத் தொடாமல் அதற்கு அடியில் இருக்கும் ஆதாரங்களைச் சரிசெய்வது. மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்த வழிதான் சரி என்பது என் முடிவு. மற்ற இரண்டையும் ஏன் தள்ளுகிறேன் என்பதையும் சொல்கிறேன்.

சொல்லாமல் நாமே திருத்துவது

இதன் கவர்ச்சி சுலபமாகப் புரியும். 'தொகு' பொத்தானை அழுத்தினால் போதும், செலவில்லை, ஐந்து நிமிட வேலை. கணக்குகூடத் திறக்க வேண்டியதில்லை.

விதி என்ன சொல்கிறது? உங்களோடு நெருங்கிய தொடர்புள்ள பொருளைப் பற்றிய கட்டுரையை நேரடியாகத் திருத்த வேண்டாம் என்று ஆங்கில விக்கிப்பீடியா அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறது. காசு வாங்கிக்கொண்டு திருத்துபவருக்கு விதி இன்னும் கடுமை. யாருக்காகத் திருத்துகிறேன், யார் காசு தருகிறார்கள் என்று அவர் அறிவித்தே ஆக வேண்டும். 2014 ஜூனிலிருந்து இது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. நம்மவர்கள் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. காசு என்றால் இதற்கென்று தனியாகக் கொடுக்கும் கூலி மட்டுமல்ல. மாதச் சம்பளம் வாங்குபவர் வேலையின் ஒரு பகுதியாகத் திருத்தினாலும் அது காசு வாங்கித் திருத்தியதாகத்தான் கணக்கு. பாலிடெக்னிக்கிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்கு வந்த பிள்ளையிடம் "இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அழகா மாத்திடும்மா" என்று கொடுப்பதும் அப்படியே, சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்பாக இருந்தாலும் சரி. அந்தப் பிள்ளையின் கணக்குதான் முடக்கப்படும். அதைச் செய்யச் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது. இது எனக்கு மனசுக்கு ஒப்பாத விஷயம்.

நடைமுறையில் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் எந்தப் பக்கத்தின் மேலேயும் இருக்கும் 'வரலாறு' பகுதியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு திருத்தமும் நாள், மணி, கணக்கின் பெயரோடு அங்கே இருக்கும். நான் பார்த்த ஓர் உணவகத்தின் பக்கத்தில் ஒரு பகல் வேளையில் புத்தம் புதிய கணக்கு ஒன்று நுழைந்திருந்தது. முதல் வரியில் 'உணவகம்' என்பதற்கு முன்னால் 'புகழ்பெற்ற' என்று சேர்த்தது, அடுத்த பத்தியில் 'முன்னோடி' என்று சேர்த்தது. அதன் பிறகு, சிங்கப்பூர் உணவு அமைப்பு அந்த உணவகத்தின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது பற்றிய இரண்டு வரியை மேற்கோளோடு அழித்தது. கொஞ்ச நேரத்தில் வேறொருவர் எல்லாவற்றையும் பழையபடி மீட்டுவிட்டார். அதோடு பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்புப் பெட்டியையும் வைத்துவிட்டார்: இந்தக் கட்டுரையைப் பெருமளவில் தொகுத்தவருக்குக் கட்டுரையின் பொருளோடு நெருங்கிய தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது என்று. அதுவரை கடைசிப் பத்தியில் கிடந்த விஷயத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இப்போது பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்தப் பெட்டிதான்.

பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. 2007-ல் வெர்ஜில் கிரிஃபித் என்ற அமெரிக்க மாணவர் விக்கிஸ்கேனர் என்ற கருவியை உருவாக்கினார். கணக்கில்லாமல் செய்த திருத்தங்கள் எந்த நிறுவனத்தின் இணைய முகவரியிலிருந்து வந்தன என்று அது காட்டிக்கொடுத்தது. வாக்குப் பதிவு இயந்திரங்கள் செய்த டீபோல்ட் நிறுவனத்தின் கணினியிலிருந்து, அந்த இயந்திரங்களைக் குறை சொல்லும் பத்திகள் அழிக்கப்பட்டிருந்தது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. 2017 ஏப்ரலில் பர்கர் கிங் ஒரு டிவி விளம்பரம் போட்டது. வீட்டில் இருக்கும் கூகுள் கருவியைத் தூண்டி, தன் வாப்பர் பர்கரைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை அதுவே வாசிக்கும்படி செய்த விளம்பரம். அதற்குச் சில நாள் முன்புதான் அந்தக் கட்டுரையின் முதல் வரி விளம்பர வாசகம் போல மாற்றப்பட்டிருந்தது. விளம்பரம் வந்ததும் விஷமிகள் புகுந்து பர்கரில் சயனைடு இருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். கட்டுரையையே பூட்ட வேண்டியதாயிற்று. ஜெர்மனியில் விஷயம் கோர்ட்டுக்கே போனது. போட்டி நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒரு நிறுவனம் தன்னை மறைத்துக்கொண்டு விக்கிப்பீடியாவில் எழுதியது மறைமுக விளம்பரம், நியாயமற்ற வணிகம் என்று மியூனிக் மேல்நிலை நீதிமன்றம் 2012-ல் தீர்ப்புச் சொன்னது.

சில சின்னத் திருத்தங்களுக்கு விலக்கு உண்டு. எழுத்துப் பிழை, யாரோ கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போனது, அப்பட்டமான விஷமம் இவற்றை நீங்களே சரிசெய்யலாம். அப்போதும், திருத்தத்தோடு எழுதும் சிறு குறிப்பான தொகுப்புச் சுருக்கத்தில் "நான் இந்த நிறுவனத்தில் வேலை செய்கிறேன்" என்று எழுதிவிடுங்கள்.

காசு கொடுத்து ஆள் வைப்பது

"விக்கிப்பீடியா பக்கம் உத்தரவாதம், சில ஆயிரம் வெள்ளி" என்று மின்னஞ்சல் வராத சிறுதொழில் முதலாளி இங்கே குறைவு. இதில் இரண்டு ரகம் உண்டு. ஒரு சிலர் தங்கள் கணக்கை வெளிப்படையாக அறிவித்து, பேச்சுப் பக்கத்தில் மட்டும் கேட்டு, விதிக்குள் நின்று வேலை செய்கிறார்கள். எடெல்மன், ஒகில்வி உட்படப் பதினொரு மக்கள்தொடர்பு நிறுவனங்கள் 2014 ஜூனில் விக்கிப்பீடியாவின் கொள்கைகளை மதித்து நடப்போம் என்று கூட்டாக எழுதிக் கொடுத்தன. இன்னொரு ரகம் போலிக் கணக்குகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும். எனக்கு வரும் மின்னஞ்சல்களில் அதிகம் இந்த ரகம்தான்.

அந்த இரண்டாவது ரகத்தின் வரலாறு மோசமானது. 2013-ல் விக்கி-பிஆர் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு தொடர்புள்ளதாகச் சந்தேகிக்கப்பட்ட 250-க்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டன. 2015-ல் ஆரஞ்சுமூடி என்று பெயரிட்ட விசாரணையில் 381 கணக்குகள் முடக்கப்பட்டு 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. அந்தக் கும்பல் செய்ததைக் கேட்டால் வயிறு எரியும். யாருடைய வரைவுக் கட்டுரை நிராகரிக்கப்பட்டது என்று பார்த்து, அந்தச் சிறுவியாபாரியைத் தேடிப் பிடித்து, "காசு கொடுத்தால் வெளியிட்டுத் தருகிறோம்" என்றார்கள். வெளியான பிறகு, பக்கம் அழியாமல் பார்த்துக்கொள்ள மாதாமாதம் காசு கேட்டார்கள். இதே பாணி மோசடி இன்றைக்கும் நடக்கிறது. விக்கிப்பீடியா நிர்வாகி யாரும் உங்களிடம் காசு கேட்க மாட்டார். கேட்டால் அது மோசடி, அவ்வளவுதான்.

ஏஜென்சிக்காரர் வந்து உட்கார்ந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் விக்கிப்பீடியா கணக்கின் பெயர் என்ன?" நேர்மையாக வேலை செய்பவர் உடனே சொல்வார், அவருடைய பயனர் பக்கத்தில் வாடிக்கையாளர் பட்டியலும் இருக்கும். "அதெல்லாம் ரகசியம் சார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "பேக்லிங்க் (உங்கள் தளத்துக்கு இணைப்பு) கிடைக்கும், கூகுளில் மேலே வருவீர்கள்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புகளைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறி 2007-லிருந்தே அங்கே போடப்படுகிறது.

இங்குள்ளவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016-ல் கொண்டுவந்த சமூக ஊடக வழிகாட்டி, காசு கைமாறியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு பிரியாணிப் படத்துக்கே அதை எதிர்பார்க்கும்போது, கலைக்களஞ்சியத்தில் மறைத்து எழுதுவதை எப்படி நியாயப்படுத்துவது?

சொல்லிவிட்டுக் கேட்பது

இதைத்தான் நான் அந்த அண்ணனுக்குச் சொன்னேன். முறை கடினமில்லை. கடையின் பெயரில் கணக்குத் திறக்கக் கூடாது, ஒரு கணக்கைப் பல பேர் பயன்படுத்தவும் கூடாது. கடைக்காகப் பேசப்போகும் ஒருவர் தன் பெயரில் கணக்குத் திறந்து, பயனர் பக்கத்தில் இன்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன் என்று எழுதிவைக்க வேண்டும். பிறகு கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போய், நலமுரண் உள்ளவர்களுக்கென்று இருக்கும் தொகுப்புக் கோரிக்கை வார்ப்புருவை (ஆயத்தப் படிவம்) போட்டுக் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தோடு சம்பந்தமில்லாத தன்னார்வலர் ஒருவர் பார்த்து, ஒப்புக்கொண்டால் மாற்றுவார்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி வெற்றி. "எங்கள் பக்கத்தில் எல்லாம் தப்பு, இணைத்துள்ள புதிய கட்டுரையைப் போடவும்" என்று இரண்டாயிரம் சொல்லைக் கொட்டினால் ஒருவரும் தொட மாட்டார்கள். கீழே உள்ள மாதிரி கேட்டுப் பாருங்கள்:

"வணக்கம். நான் இந்த நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என் பயனர் பக்கத்தில் அதை அறிவித்திருக்கிறேன். முதல் பத்தியில் நிறுவனம் 1987-ல் தொடங்கியது என்று இருக்கிறது. அது பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவான ஆண்டு. 1954-ல் வந்த நாளிதழ்ச் செய்தி ஒன்று கடை அப்போதே இயங்கியதைக் குறிப்பிடுகிறது, இணைப்பு கீழே. 'கடை 1954-லேயே இயங்கிவந்தது. 1987-ல் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவுசெய்யப்பட்டது' என்று மாற்ற முடியுமா?"

ஒரு கோரிக்கை, ஒரு வாக்கியம், ஓர் ஆதாரம். பார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம். அவர் சம்பளமில்லாமல் தன் சொந்த நேரத்தில் இதைச் செய்கிறார் என்பதை மறக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் விக்கிப்பீடியா தன்னார்வலர்கள் கூடும் விக்கிமேனியா மாநாடு நம் சன்டெக் மண்டபத்தில்தான் நடந்தது. உலகம் முழுவதிலுமிருந்து வந்த இந்தத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற வேலைக்காரர்களும் மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும்தான். அவர்களுடைய மாலை நேரத்தை நம் கடை விளம்பரத்துக்காகத் திருடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்த வழியின் குறை என்ன? முதலில் காலம். வரிசை நீளம், வாரக்கணக்கு ஆகும், சில நேரம் மாதக்கணக்கு. மறுப்பும் வரலாம். வழக்கு பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், மேற்கோள் சரியாக இருக்கும்வரை எடுக்க மாட்டார்கள். வழக்கு எப்படி முடிந்தது என்பதைச் சேருங்கள் என்று தீர்ப்புச் செய்தியோடு கேட்டால் பெரும்பாலும் சேர்ப்பார்கள். மறைக்கச் சொல்லிக் கேட்பதைவிட முழுமையாக்கச் சொல்லிக் கேட்பது பலிக்கும்.

இன்னொரு குறை ஆழமானது. 2013-ல் பிபி எண்ணெய் நிறுவனத்தின் பிரதிநிதி தன்னை முறையாக அறிவித்துவிட்டு, பேச்சுப் பக்கத்தில் நீளநீளமான வரைவுகளைக் கொடுத்தார். தொகுப்பாளர்கள் அவற்றைக் கட்டுரைக்குள் எடுத்துப் போட்டார்கள். விதி மீறப்படவில்லை. ஆனால் கட்டுரையை மட்டும் படிப்பவருக்கு, சுற்றுச்சூழல் பற்றிய பத்தியை எண்ணெய்க் கம்பெனியே எழுதிக் கொடுத்தது என்று தெரிய வழியில்லை. அப்போது எழுந்த கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அதனால்தான் பத்தி பத்தியாக எழுதிக் கொடுக்காதீர்கள், தப்பை மட்டும் சுட்டுங்கள் என்கிறேன். பத்தியை அவர்கள் எழுதட்டும்.

ஆதாரத்தைச் சரிசெய்வது

மசாலாக் கடையின் ஆண்டு ஏன் தப்பானது என்று தேடியபோது காரணம் கிடைத்தது. கட்டுரையை எழுதியவர், நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் இருந்த பதிவு ஆண்டை எடுத்துப் போட்டிருக்கிறார். தேக்காவின் பழைய கடைகளில் பல, தனிநபர் வியாபாரமாகவோ பங்குக் கடையாகவோ தொடங்கி, அப்புறம்தான் பிரைவேட் லிமிடெட் ஆனவை. கடையின் சொந்த இணையதளமோ தாத்தா கப்பலில் வந்திறங்கிய ஆண்டைத் தொடக்க ஆண்டு என்று போட்டிருக்கிறது. ஆக வந்திறங்கிய ஆண்டு, கடை திறந்த ஆண்டு, பதிவான ஆண்டு என்று மூன்று ஆண்டுகள், மூன்றும் அதனதன் அளவில் உண்மை. இதில் ஒன்றைத் தூக்கி விக்கிப்பீடியாவில் போட்டால் சண்டைதான் வரும்.

இங்கே செய்ய வேண்டிய வேலை நூலகத்தில் இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில், 1935-ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேடலாம். கடையின் பெயர் ஒரு செய்தியிலோ தீபாவளி விளம்பரத்திலோ வந்திருக்கும். விளம்பரத்தை வைத்து, கடை அந்த ஆண்டு இருந்தது என்று மட்டுமே சொல்ல முடியும். அந்த ஆண்டுதான் தொடங்கியது என்று சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தை மதித்துக் கேட்டால் தொகுப்பாளர்கள் உங்களை நம்பத் தொடங்குவார்கள்.

அதோடு உங்கள் சொந்தத் தளத்தில் இருக்கும் தவறுகளைத் திருத்துங்கள். பழைய ரசீதுகள், கணக்குப் புத்தகங்கள், கடைவாசல் படங்கள் இருந்தால் நூலகத்துக்கோ கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்கோ கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நாளைக்கு ஓர் ஆய்வாளரோ செய்தியாளரோ அதைப் பார்த்துத் தானாக எழுதினால், அது உங்கள் கைபடாத ஆதாரமாக நிற்கும். பல ஆண்டு பிடிக்கும் வேலைதான், ஆனால் எந்த ஏஜென்சியாலும் கொடுக்க முடியாதது.

படங்கள் கொடுக்க நினைப்பவர்கள் பதிப்புரிமையைப் பாருங்கள். இங்கே 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, அதற்குப் பிறகு காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் உரிமை படம் எடுத்தவருக்குத்தான். அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல், விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றக் கூடாது. படத்திலும் வியாபாரத் தந்திரம் வேண்டாம். 2019-ல் நார்த் ஃபேஸ் நிறுவனத்துக்காக பிரேசிலில் ஒரு விளம்பர ஏஜென்சி, சுற்றுலா இடங்களின் கட்டுரைகளில் அந்த நிறுவனத்தின் உடையும் பையும் தெரியும் படங்களை நுழைத்துவிட்டு, அதைப் பெருமையாக வீடியோவும் போட்டது. தன்னார்வலர்கள் படங்களை எடுத்துவிட்டார்கள், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அவசரம் என்றால் வேறு கணக்கு. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி ஆதாரமில்லாத அவதூறு இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவின் 'தொடர்புக்கு' பக்கத்தில் மின்னஞ்சல் வழி இருக்கிறது, தன்னார்வக் குழு பார்க்கும். அந்த மாதிரி வரிகளை உடனே நீக்க வேண்டும் என்பது அவர்களுடைய சொந்த விதியே.

பக்கமே இல்லாதவர்களுக்கு என் பதில் சுருக்கம்: இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நிறுவனத்தோடு தொடர்பில்லாத நம்பகமான ஊடகங்கள் பல, அதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால்தான் தனிக் கட்டுரைக்குத் தகுதி. நீங்கள் அனுப்பிய செய்திக்குறிப்பை அப்படியே போட்ட செய்தியும், முதலாளியின் பேட்டியும், விருதுப் பட்டியலில் ஒரு வரியும் அதற்குப் போதாது.

தமிழ் விக்கிப்பீடியாவில்

கடைசியாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் முடியாவிட்டால் தமிழில் போட்டுவிடலாம், அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சிலர் வெளிப்படையாகவே பேசிக் கேட்டிருக்கிறேன். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றைத் தினமும் காவல் காப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். அதனால் ஒரு விளம்பரக் கட்டுரை ஆங்கிலத்தைவிட இங்கே அதிக நாள் தங்கிவிடக்கூடும் என்பது உண்மைதான். அதனாலேயே அதைச் செய்வது பெரிய தப்பு. தொடக்கப்பள்ளிப் பிள்ளை தமிழ்ப் பாடத்துக்கு ஒரு விஷயத்தைத் தேடும்போது தமிழில் கிடைப்பது அந்த ஒரு பக்கம் மட்டுமாக இருக்கலாம். ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து இடம் இருக்கிறது. நம் மொழியில் அந்த வசதி இல்லை.

காசு வாங்கித் திருத்துபவர் அறிவிக்க வேண்டும் என்ற பயன்பாட்டு விதி தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் பொருந்தும். அங்கே பிழையைக் கண்டால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் உங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி எழுதுங்கள். ஒரு வாரம் பதில் வராவிட்டால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் இணைப்பைக் கொடுத்துக் கேளுங்கள். தமிழில் மரியாதையாகக் கேட்பவருக்கு அங்கே இருப்பவர்கள் பொறுமையாக வழி சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம், உங்கள் நிறுவனத்தில் எழுதத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால், உங்கள் பக்கத்தை விட்டுவிட்டு மிளகைப் பற்றியோ சிராங்கூன் சாலையின் வரலாற்றைப் பற்றியோ எழுதச் சொல்லுங்கள். அங்கேயும் உங்கள் கடையின் பெயர் வரக் கூடாது.